அப்பாவுக்காகக் குளிரவைத்த வீடு

ஆம்பூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்கள் யாராவது எனக்குச் சொல்ல வந்தால் கோபம்தான் வரும். டி.வி.யிலும் வெயில் என்றால் எப்போது பார்த்தாலும் வேலூர் பெயரைத்தான் சொல்வார்கள். சித்திரை மாதம் ஒரு மதியம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும். ஒற்றைத் தளம் போட்ட வீடு. மேற்கே காலி மனை என்பதால் பொழுது சாயும்வரை அந்தச் சுவர் வெயிலை நேராக வாங்கும். விளக்கு வைத்த பிறகும் சுவரில் கை வைத்தால் சுடும்.

வீடு அப்பா கட்டியது. ஷூ கம்பெனியில் மேல்தோலையும் அடியையும் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி ஒட்டுகிற இடத்தில் வேலை செய்தே வயதானவர் அவர். அம்மா போன பிறகு நானும் என் வீட்டுக்காரரும் அவரோடு வந்துவிட்டோம். என் வீட்டுக்காரரும் ஒரு கம்பெனியில் அதே ஒட்டும் வேலைதான். நான் வேறொரு கம்பெனியில் தையல் லைனில் சூப்பர்வைசர். மாமனாரும் மாப்பிள்ளையும் சாயங்காலம் உட்கார்ந்தால் அடி ஒட்டுவதைப் பற்றியே பேசுவார்கள். சோறு ஆறிப்போகும் என்று நான் கத்த வேண்டியிருக்கும்.

வேலையிலிருந்து நின்ற பிறகு அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு கோடையில் கூடத்திலேயே மயங்கி விழுந்தார். நாங்கள் இருவரும் கம்பெனியில். பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துத் தண்ணீர் தெளித்து, ஆட்டோ பிடித்து, எங்களுக்குப் போன் போட்டார். இந்த நெஞ்சு இனி இந்தச் சூட்டைத் தாங்காது என்று வேலூரில் டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூரில் இருக்கும் என் தங்கை வந்து அவரைக் கையோடு அழைத்துப் போனாள். வெயில் முடிந்ததும் கொண்டுவந்து விடுவதாகத்தான் பேச்சு. வெயில் முடிந்தது, அவர் வரவில்லை. அடுத்த வெயில் வந்துவிடும் என்று தங்கைக்குப் பயம்.

அவருக்கு அங்கே ஒட்டவே இல்லை. தங்கை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள், குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் போன் வரும்போதெல்லாம் அதே புலம்பல்தான்.

"இங்க எல்லாரும் கதவ சாத்திக்கினு கீறாங்க. டீக்கடைல குந்தி ரெண்டு வார்த்தை பேச ஒரு தோஸ்த் இல்ல. பேஜாரா கீதும்மா. எனக்கு எதனா ஆவறதுன்னா நம்ம ஊட்லயே ஆவட்டும்."

இந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் வீட்டை மாற்றுவது என்று முடிவு செய்தோம். கோடையிலும் அப்பா இருக்கக்கூடிய வீடாக அதை ஆக்க வேண்டும். வேறு எந்த ஆசையும் அதில் இல்லை.

ஏ.சி. ஒன்றை மாட்டினால் தீர்ந்தது என்றாள் தங்கை. தளம் கொதிக்கிற வீட்டில் ஏ.சி. போட்டால் கரண்ட் ஓடுமே தவிர அறை குளிராது என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். முதலில் சூடு உள்ளே வராமல் பார்க்கச் சொன்னார். அதனால் மொட்டை மாடியில் ஆரம்பித்தோம். வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பெயிண்டை வாங்கி வந்து என் வீட்டுக்காரர் தானே அடித்தார். முழங்கால்வரை வெள்ளையாகக் கீழே இறங்கி வந்தவரைப் பார்த்து, "மாடிக்கு அடிக்கச் சொன்னா காலுக்கும் சேத்து அடிச்சிக்கினு வர்றீங்களே" என்று சிரித்தேன். மேற்குச் சுவருக்கு வெளியே பச்சை வலை கட்டினோம். பழைய ஃபேன்களைக் கழற்றிவிட்டு, கரண்ட் கம்மியாக இழுக்கும் ஃபேன்களை மாட்டினோம். இடுக்கு வழியாக அனல் அடித்துக்கொண்டிருந்த மர ஜன்னல்களை எடுத்துவிட்டு, ரப்பர் வைத்து இறுக மூடுகிற கண்ணாடி ஜன்னல் வைத்தோம். கடைசியாக ஏ.சி.யும் மாட்டினோம்; அதன் குளிர்ச்சி வெளியே போகக் கூடாது என்று சுவர் உச்சியில் இருந்த காற்றுத் துவாரங்களையும் கொத்தனாரை வைத்து அடைத்துவிட்டோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கே வீடு நன்றாகக் குளிர்ந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. ஷூவுக்குள் பாதம் படுகிற இடத்தில் ஃபோம் ஷீட் வைப்போம். அதில் மிச்சமானதும் கழித்ததும் கம்பெனிக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும்; பழைய சாமான் வியாபாரி வந்து அள்ளிப் போவார்.

"ரோட்டுச் சூடு காலுக்கு ஏறாம அதான தடுக்குது? அதையே கூரைக்கு உள்பக்கமா ஒட்டினா இன்னா?" என்றார்.

"ஒட்டுனா நிக்குமா?"

"ஒட்றத பத்தி என்னாண்டயே கேக்கறியா நீ?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இன்னும் சொன்னால், பெருமையாக இருந்தது. ஊரில் வேறு யாருக்கு இந்த யோசனை வரும்! வியாபாரியிடமிருந்து ஷீட்டுகளை வாங்கினோம். சொல்யூஷனும் டப்பா டப்பாவாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஏணியில் நின்று தளத்தில் தடவுவார், நான் கீழிருந்து ஷீட்டை அளந்து வெட்டிக் கொடுப்பேன். கூடம், அப்பாவின் அறை, இரண்டுக்கும் ஒரு விரல் இடைவெளி இல்லாமல் ஒட்டினோம். மேற்குச் சுவரையும் விடவில்லை. எங்கள் வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து அவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலை செய்ததில்லை.

வீடு குளிர்ந்துவிட்டது. நிஜமாகவே குளிர்ந்தது. மதியத்தில் வெளியிலிருந்து உள்ளே வந்தால் வேறு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். ஏ.சி.யைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினாலே போதும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் தயிருக்கு உறை வாங்க வந்தவர், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு போய்விட்டார். நம் வீடு குளுகுளுவென்று ஆகிவிட்டதே என்று வயிற்றெரிச்சல் என நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

சித்திரை பிறந்ததும் அப்பா ரயிலில் வந்து இறங்கினார், கூடவே தங்கை. வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். பிறகு மேற்குச் சுவர்ப் பக்கம் போய் ஷீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சில்லுனு கீதே! இன்னாடி பண்ணீங்க?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அம்மா இருந்த நாளில்தான் பார்த்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது எனக்கு. காபி போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

காபி கொதிப்பதற்குள் இருமல் கேட்டது. ரயில் தூசி என்று நினைத்தேன். இருமல் நிற்கவில்லை. டம்ளரோடு வந்து பார்த்தால் அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறுகிறார்.

"இன்னாம்மா இது... ஊட்டுக்குள்ள சொல்யூஷன் வெச்சிருக்கீங்களா?"

"இல்லியே நைனா. அதெல்லாம் ஒட்டி முடிச்சி எப்பவோ ஆச்சி. வாசனையே இல்ல."

தங்கை அப்படி என்னைப் பார்த்ததே இல்லை. "வாசனை இல்லியா? எனக்குத் தல சுத்துது! மூக்குன்னு ஒண்ணு கீதா இல்லியா உனக்கு?"

பொய் சொல்லவில்லை. சத்தியமாக எங்களுக்குத் தெரியவில்லை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் இறங்கும்வரை நாங்கள் அந்த வாசனையில்தான் இருக்கிறோம். வருஷக்கணக்காக அதுவே எங்களுக்குக் காற்று. தளம் சூடாகும்போதெல்லாம் ஒட்டினதிலிருந்து அது இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியே போக ஒரு துவாரம்கூட விடாமல் நாங்கள்தான் அடைத்திருந்தோம்.

அப்பாவை வெளியே கொண்டுவந்து காலி மனையில் வேப்ப மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். வெளியே அனல், உள்ளே சொல்யூஷன். தங்கை என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு விசிறிக்கொண்டிருந்தார். கொஞ்சம் மூச்சு வந்ததும் அப்பா தங்கையை நிறுத்தினார்.

"அவள திட்டாத. அந்தக் காலத்துல எனக்கும் தெரியாது. உங்கம்மாதான் வாசல்லயே சட்டைய கழட்ட வுட்டு, குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும்னு நிப்பா. புள்ளைங்களுக்கு ஆவாதுன்னுவா. நான் அவகிட்ட சண்ட போடுவேன்."

அம்மா வாசலோடு நிறுத்திவைத்ததை நாங்கள் கூரையில் ஒட்டிவிட்டோம். அன்று சாயங்கால ரயிலிலேயே அவர் திரும்பிப் போனார். எடுத்துவந்த பையை அவிழ்க்கக்கூட இல்லை. "அடுத்த வருஷம் வர்றேன்" என்று ரயிலிலிருந்து என் வீட்டுக்காரரின் கையைத் தட்டிச் சொன்னார்.

மறுநாளே ஷீட்டைப் பிய்க்க ஆரம்பித்தோம். என் வீட்டுக்காரரின் ஒட்டு நல்ல ஒட்டு. ஷீட்டோடு பூச்சும் பெயர்ந்து வந்தது. கொத்தனாரை வைத்துத் தளத்தைச் சுரண்டி, மறுபடி பூசி, துவாரங்களைத் திறந்து, ஆடிக் காற்று முழுவதும் ஜன்னல்களை விரியத் திறந்து போட்டோம். எங்கள் மூக்கை நம்பாமல் தங்கையை வரவழைத்தோம். அறை அறையாக நின்று மோந்து பார்த்தாள், ஒன்றும் இல்லை என்றாள். ஷீட் இல்லாமலே வீடு குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மாடி வெள்ளையும் மேற்கு வலையுமே போதுமானதாக இருந்தன.

ஆனால் அதற்குள் அப்பாவின் நெஞ்சு இன்னும் மோசமாகிவிட்டது. இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஓடுகிறது. ரயிலோ காரோ, எதிலும் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் ஷீட் ஒட்டாமல் இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று தங்கை ஆறுதல் சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் அந்த ஒரு கோடை அவருக்குக் கிடைத்திருக்கும்.

போன ஞாயிறு மதியம் போன் செய்தார். வெளியே தெருவில் நாய்கூட இல்லை, அப்படி ஒரு வெயில். நான் அவர் அறையில், அவர் கட்டிலில், காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

"ஊடு எப்டிம்மா கீது? சில்லுனு கீதா?" நடுநடுவே மூச்சு வாங்கிக் கேட்டார்.

"எங்க நைனா! ஷீட்ட பிச்சதுலருந்து பழையபடி வெக்கதான். உள்ள நிக்க முடியல."

அந்தப் பக்கம் மிஷின் ஓடும் சத்தத்தோடு அவர் குரல் வந்தது.

"அப்போ நான் வராததே நல்லதாப் போச்சி," என்றார்.

"ஆமா நைனா," என்றேன்.