வள்ளி கும்மி ஆடிய பாதம்

என் மனைவி 'வலிக்கிறது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம்வரை ஒருமுறைகூட இல்லை. மகள் பிறந்த அன்று பிரசவ அறைக்குள் போகும்போதுகூட, "டிபன் கேரியரக் கழுவி வெச்சுருங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஊசி விரலில் ஏறிய நாளிலும் "வலிக்கலீங்க"தான். இதை நான் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பெருமைப்படுகிற விஷயமில்லை என்று எனக்கு உறைக்க, அவள் கால் எலும்பில் விரிசல் விழவேண்டியிருந்தது.

எங்கள் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மிதான். வள்ளி முருகனைக் கட்டிக்கொண்ட கதையை ஆசிரியர் பாட, நூறு இருநூறு பெண்கள் ஒரே நிறச் சேலையில் வரிசை கட்டி, வெறுங்காலோடு கைதட்டிக் குதித்து ஆடுவார்கள். சில மாதம் பழகிவிட்டு ஊர் முன்னால் முதல்முறை ஆடுவது அரங்கேற்றம். திருப்பூர் வேலம்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அந்த வகுப்பு வந்ததும் முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள் இவள். வயது நாற்பத்து மூன்று. பதினாலு வருடமாக உட்கார்ந்தே தைக்கிற உடம்பு.

"மிஷின விட்டு எந்திரிக்கறதுக்கே ரெண்டு தடவ முருகனக் கூப்பிடறே அம்மிணி, நீ குதிக்கப் போறியா?" என்றேன்.

"அவரத்தானுங்க கூப்பிடறேன், உங்களையா கூப்பிட்டேன்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆடத் தொடங்கியபின் வீடே மாறிப்போனது. சட்னி அரைக்கும்போது ஒரு அடவு, துணி காயப்போடும்போது ஒரு அடவு. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் தாளம். அவளை அப்படிச் சந்தோஷமாகப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, கேலிதான் செய்துகொண்டிருந்தேன்.

கோயில் மைதானத்து மண்ணில் வாரம் இரண்டு நாள் பயிற்சி ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழையில் மைதானம் சேறாகிவிட்டது. அப்போதுதான் நான் மூக்கை நுழைத்தேன். நான் துணி செக்கிங் பார்க்கிற கம்பெனியில், லாரி வந்து நிற்கிற பெரிய கான்கிரீட் முற்றம் ஒன்று உண்டு. முதலாளியிடம் கேட்டு சாயங்காலத்துக்கு வாங்கிக் கொடுத்தேன். நல்ல லைட், நல்ல தரை, குடிதண்ணீர். ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். பெண்கள் கைதட்டினார்கள். இடம் சவுகரியமாக இருந்ததால் வாரம் இரண்டு நாள் என்பது தினமும் என்றாகி, ஒரு மணி நேரம் இரண்டாகியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை இதுதான்.

இரண்டு வாரம் கழித்து, வீட்டுக்கு நடந்து வரும்போது இடது காலை ஒரு மாதிரி வைத்தாள். பாதத்தின் மேல்பக்கம் லேசான வீக்கம். காலையில் எழுந்தால் வடிந்திருக்கும், ஆடிவிட்டு வந்தால் மறுபடி ஏறியிருக்கும். "வலிக்கலீங்க, சும்மா ஒரு மாதிரி இருக்குது" என்றாள். நான் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். பக்கத்துக் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு சுத்தமாக இருந்தது. "பாத்தியா, ஒன்னுமே இல்ல. உனக்கு ஆடறதுக்குச் சோம்பல்" என்றேன். கிளினிக்கில் கொடுத்த வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மேலும் பத்து நாள் ஆடினாள். பதினோராம் நாள், வாசற்படியில் காலை வைக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

எலும்பு டாக்டர் ஒரு அம்மா. படத்தைப் பார்க்கவே இல்லை. பாதத்தை மடியில் எடுத்துவைத்து, கட்டைவிரலால் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வந்தார். இரண்டாம் விரலுக்கு நேர் பின்னால் ஓர் இடம் வந்ததும் இவள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தாள். வாய் மட்டும் "வலிக்கலீங்க" என்றது. டாக்டர் சிரித்துவிட்டார்.

"கீழ விழுந்து முறியறது வேற, இது வேறங்க. சின்னச் சின்ன அடி திரும்பத் திரும்ப விழுந்தா எலும்பு உள்ளுக்குள்ள நொந்துபோகும். ராத்திரி தூங்கறப்ப அது தன்னையே சரி பண்ணிக்கும். சரி பண்றதுக்குள்ள மறுபடி மறுபடி அடிச்சா மெல்லிசா விரிசல் விடும். ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது. ரெண்டு மூணு வாரம் கழிச்சு, எலும்பு ஆற ஆரம்பிச்சாத்தான் தெரியும்."

எனக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. பின்னுகிற ஊசி பழுதானால் துணியில் விழுகிற ஊசிக்கோடு, வெள்ளையாக இருக்கும்வரை தெரியாது, சாயம் ஏறினபின் பளிச்சென்று தெரியும். இருபது வருடமாக நான் சம்பளம் வாங்குவதே அதைத் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான். வீட்டில் மட்டும் வெள்ளைத் துணியைப் பார்த்து பாஸ் போட்டுவிட்டேன்.

ஸ்கேனில் விரிசல் உறுதியானது. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு. திருப்பூரில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேட்கத் தோன்றியது. ஆனால் இவள் விடிந்ததும் டியூப்லைட்டுக்குக் கீழே போய் வெயில் தாழ்ந்தபின் வெளியே வருகிறவள். ஆடும்போது உடம்பு கனக்கக் கூடாது என்று கம்பெனியில் மத்தியானச் சோற்றையும் விட்டிருந்தாள். இது எனக்குத் தெரியவே தெரியாது.

"போன மாசத்துல புதுசா ஏதாச்சும் மாறுச்சுங்களா? தரை, நேரம், செருப்பு?" என்று டாக்டர் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். "ஒன்னும் மாறலீங்க" என்றாள் இவள்.

பஸ்ஸில் பாதி தூரம் வரைதான் என்னால் தாங்க முடிந்தது. "அந்த கான்கிரீட்டுதான் அம்மிணி. நாந்தான் உன்ற கால ஒடிச்சேன்" என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "அந்த டாக்டரம்மாகிட்ட உங்களக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா? உங்களுக்குப் போட்ட பொன்னாடைய நாந்தானுங்க கடைல நின்னு எடுத்தேன்" என்றாள். பஸ்ஸில் அத்தனை பேர் இருந்தும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாளே ஆசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பயிற்சி மண்தரைக்கே திரும்பியது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்றானது. இன்னும் இரண்டு பெண்கள் டாக்டரிடம் காலைக் காட்ட முன்வந்தார்கள். இவளுக்கு ஆறு வாரம் கெட்டியான பூட்ஸ். கேழ்வரகும் முட்டையும் தினம் நானே செய்தேன், உப்பில்லாமலும் கரித்தும்.

மழையால் அரங்கேற்றம் தள்ளிப்போய் ஏழாவது வாரத்தில் வந்து நின்றது. டாக்டரிடம் கெஞ்சினாள். "அன்னிக்குக் காலையில உங்க வீட்டுக்காரர அந்த எடத்துல நல்லா அழுத்திப் பாக்கச் சொல்லுங்க. வலி இல்லைன்னா ஒரே ஒரு பாட்டு, குதிக்காம ஆடுங்க. துளி வலி இருந்தாலும் கூடாது. முழுசா முறிஞ்சா அடுத்த வருசமும் ஆட முடியாது" என்றார்.

அன்று காலை குளித்து, அரங்கேற்றச் சேலை கட்டி, கட்டிலில் உட்கார்ந்து பாதத்தை நீட்டினாள். அந்தச் சேலையில் அவளைப் பார்த்ததும் எனக்குக் கை வரவில்லை. அவள் ஆடட்டும் என்று தோன்றிவிட்டது. ஒரே ஒரு பாட்டுதானே. பட்டும் படாமல், இடத்தைவிட்டு அரை விரல் தள்ளி அழுத்திவிட்டு, "வலிக்குதா?" என்றேன்.

"அங்க இல்லீங்க" என்றாள். என் கட்டைவிரலைப் பிடித்து எடுத்து, சரியான இடத்தில் வைத்தாள். "இங்க. நல்லா அழுத்துங்க."

அழுத்தினேன்.

"வலிக்குதுங்க" என்றாள். சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதாள். நான் அவள் பாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அரங்கேற்றத்துக்கு அதே சேலையில் வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். என் பொன்னாடையை நாலாய் மடித்து அவள் இடது காலுக்குக் கீழே வைத்தேன். வலது கால் ஒரு அடவுகூட விடவில்லை.

பங்குனியில், பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் ஒரு கோயில் மைதானத்தில்தான் அவள் ஊர் முன்னால் முதல்முறை ஆடினாள். அன்று நான் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானம் முழுக்க நடந்து கல் பொறுக்கினேன். "ஏனுங்க, எடம் வாங்கப் போறீங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

இப்போதும் தினம் காலையில் காப்பி குடித்ததும் பாதத்தை என் மடியில் தூக்கி வைத்துவிடுகிறாள். எலும்பு கூடி எத்தனையோ மாதமாகிவிட்டது.

"வலிக்குதா?" என்று கேட்பேன்.

"இல்லீங்க. நீங்க அழுத்துங்க" என்பாள்.