கண்ணை மூடுங்க, மூச்சை இழுங்க

போன ஞாயிற்றுக்கிழமை என் மதினி என் கண் முன்னாலேயே ஒரு பொய் சொன்னார்.

"தூக்கம் எப்படி இருக்கு?"

"நல்லாத் தூங்குதேன்."

கேட்டவர் சென்னையிலிருந்து வந்திருந்த மனநல ஆலோசகர். சின்னப் பெண். சொன்னவர் என் அண்ணன் மனைவி செல்வி. நான்கு மாதங்களாகச் சரியாகத் தூங்காதவர்!

மதினிக்குச் சாத்தூர் பக்கம் பட்டாசு கம்பெனியில் வேலை. அவர் வேலை பார்த்த அறை வெடித்தபோது தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தார். கூட்டாளி ராசாத்தி உள்ளே இருந்தார். அதற்குமேல் மதினி யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. அண்ணனிடம்கூட.

இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய் வந்தாயிற்று. திருநீறு போட்டாயிற்று. கடைசியில் அண்ணன் அவரை விருதுநகரில் என் வீட்டில் கொண்டுவந்து விட்டான். "நீ படிச்ச புள்ள. பாத்துக்க."

படித்த பிள்ளை என்ன செய்தேன்? கூகுளில் தேடினேன். அதைப் படித்ததில் எனக்கும் தூக்கம் போனது. விசில் அடித்தால் மதினி பதறுகிறார் என்று குக்கரைப் பரணில் ஏற்றினேன். மூன்று வயது மகளின் பலூன்களை ஒளித்து வைத்தேன். பிறகு, பலூன் இல்லாமல் வளர்ந்தால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்று... அதையும் தேடினேன்.

அப்போதுதான் மதினியின் ஊரிலேயே, காலனி சமுதாயக் கூடத்தில், மனநல முகாம் என்று தெரிந்தது. மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு மதினியை இழுத்துக்கொண்டு போனேன்.

ஆளுக்கொரு படிவம்: தூக்கம் கெடுகிறதா, பசி குறைந்திருக்கிறதா, கவலை உண்டா? கூடத்தில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தூக்கம் நன்றாக வருகிறதாம். நன்றாகப் பசிக்கிறதாம். கவலை என்றால் என்னவென்றே தெரியாதாம். இப்படி ஓர் ஊரை அந்தப் பெண் பாடப் புத்தகத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"ஏன் மதினி இப்படிச் சொல்லுதீக?" என்று காதில் கேட்டேன்.

"கூறு இருக்கா புள்ள ஒனக்கு? கம்பெனியிலயும் இதே மாதிரி பேப்பர்தான் குடுத்தாக. தலை சுத்துதுன்னு ஒருத்தி சொன்னா. மறுநாள் அவள வர வேண்டாம்னுட்டாக."

எனக்கும் ஒரு படிவம் தந்திருந்தார்கள். பொய் எழுதக் கூடாதே என்று, எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' போட்டிருந்தேன். ஆலோசகர் அதைப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மேடம், நீங்க மட்டும் கடைசியில இருந்துட்டுப் போங்க."

அடுத்தது பயிற்சி.

"எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க."

ஒருவரும் மூடவில்லை. இருபது வருடமாகப் பட்டாசில் வேலை பார்க்கும் பேச்சியக்காதான் விளக்கினார். "கண்ண மூடி வேல பாத்தா, அப்புறம் தெறக்கக் கண்ணு இருக்காதும்மா. அப்பிடியே பழகிட்டோம்."

"சரி, திறந்தே இருக்கட்டும். மூச்சை ஆழமா உள்ளே இழுங்க."

"மருந்துத் தூள இழுக்கக் கூடாதுன்னுதான கம்பெனியில மூக்குல துணியக் கட்டச் சொல்லுதாக? நீங்க இழுக்கச் சொல்லுதீக. நாங்க யாரு பேச்சத்தான் கேக்க?"

ஆலோசகருக்கு வியர்த்துவிட்டது. "யாருமே இல்லாத, அமைதியான ஒரு இடத்தை மனசுல நினைச்சுக்கோங்க."

"எங்க வீட்ல கக்கூசுதான்" என்றது பின்வரிசை. "அங்கயும் கதவத் தட்டுதாக."

கூடமே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மதினியைத் தப்பான இடத்துக்குக் கூட்டி வந்துவிட்டேனோ?

ஆனால் அந்தப் பெண்ணும் சிரித்தார். படிவங்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். தரையில் உட்கார்ந்தார். "அப்போ நீங்க மனசு விட்டு எப்படித்தான் பேசுவீங்க?"

"கையக் கட்டிக்கிட்டு உக்காந்தா பேச்சு எங்கன வரும்? கை ஓடுனாத்தான் வாய் ஓடும்."

பேச்சியக்கா கூடையிலிருந்து காகிதக் கட்டை எடுத்துப் போட்டார். வீட்டில் உருட்டுகிற வெறும் வெடிக் குழாய்தான், வெடிமருந்து கிடையாது. கம்பியில் தாளைச் சுற்றி, பசை தடவி, உருவ வேண்டும். ஆலோசகரும் ஒன்று உருட்டினார். கோணலாக வந்தது.

"ஏ, இங்கன பாருங்க. டாக்டரம்மா சுருட்டு சுத்தியிருக்காக."

"இதப் பத்த வச்சா, பத்த வச்சவன் பின்னாலயே வரும்."

நான் திடுக்கிட்டு மதினியைப் பார்த்தேன். அவர் அந்தக் கோணல் குழாயை வாங்கிப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலேயே சொன்னார்:

"நான் கூப்பிட்டேன். 'ஏ ராசாத்தி, தண்ணி குடிச்சிட்டு வருவோம், வா'ன்னேன். 'நீ போ, கையில இருக்கத முடிச்சிட்டு வாரேன்'னா." தாளை நீவினார். "இன்னொரு தடவ கூப்பிட்டிருக்கலாம்."

யார் கையும் நிற்கவில்லை. உருட்டியபடியே பேச்சியக்கா சொன்னார்: "நீ ஒருக்காவாவது கூப்பிட்ட. அடுத்த ரூம்ல இருந்தேன், நான் ஒருக்காகூடக் கூப்பிடலயேடி."

மதினி அழுதார். அழுதுகொண்டே உருட்டினார். ஆலோசகர் தாள் தீரத் தீர, அடுத்த தாளை மட்டும் மதினி பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். அதுவும் படிப்பில் உண்டோ என்னவோ... அடுத்த ஞாயிறும் வருகிறாராம். படிவம் இல்லாமல்.

படித்தவர்கள் நாம், ஆறுதலுக்குக்கூட முதலில் ஒரு தாளை நீட்டிவிடுகிறோம். அவர்களும் தாளைத்தான் கேட்டார்கள் — எழுத அல்ல, உருட்ட.

சாத்தூரில் பஸ் ஏறினோம். ஏர் ஹார்ன் காதைக் கிழித்தது. ஐயோ, மதினி பதறுவாரே என்று திரும்பினேன்.

மதினி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தார். லேசான குறட்டைகூட.

விருதுநகர் வந்தது. எழுப்பலாமா? எழுப்பினால் மறுபடி தூக்கம் வருமா? எழுப்பாவிட்டால், வீட்டில் பிள்ளை சாப்பிட்டிருப்பாளா?

"எறங்கலயாம்மா?" என்றார் கண்டக்டர்.

"திருமங்கலம் ரெண்டு குடுங்கண்ணே."

திருமங்கலத்துக்கு இன்னும் அரை மணி நேரம். அங்கே எங்களுக்கு யாரும் இல்லை.