காலண்டர் தெளிவாக விழுந்த படம்

முதல் கீமோவுக்கு இரண்டு நாள் முன்பு என் மனைவி ஒரு படம் கேட்டாள். முடி கொட்டுவதற்கு முன்னால், அவள் மட்டும் தனியாக இருக்கிற படம்.

"மாலை போட ஒண்ணு வேணுமில்ல? கல்யாண வீட்டு குரூப் போட்டோவுல இருந்து வெட்டி மாட்டிராதீங்க. போனும் வேணாம். அதுல என் மூக்கு பெருசா தெரியுது."

மாலை என்ற பேச்சையே எடுக்காதே என்று கத்தினேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அச்சா, சும்மா அழகுக்குன்னு வெச்சுக்கங்க. ஜல்தி எடுங்க."

என்னிடம் பழைய ரோல் ஃபிலிம் காமிரா ஒன்று உண்டு. நாங்கள் குடியிருக்கும் கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பாதி வீட்டுச் சுவர்களில் நான் எடுத்த படம்தான் தொங்கும். ஒரு படம் எடுத்ததுமே அடுத்ததற்கு ஃபிலிமைச் சுற்றித் தயாராக வைத்துவிடுவேன். நாளைக்கு வேண்டிய ஃபைலை இன்றே மேசையில் எடுத்து வைத்துப் பழகிய குமாஸ்தா புத்தி. முன்ஜாக்கிரதை முத்தண்ணா என்று அவள் கேலி செய்வாள்.

அப்படிச் சுற்றி வைத்த ஃபிலிமோடுதான் காமிரா மழைக்காலம் முழுக்க பீரோவில் கிடந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தோம்.

அன்றும் மழை மூட்டம், வீட்டுக்குள் வெளிச்சமே இல்லை. லென்ஸை முழுக்கத் திறந்து, அவள் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தேன். பட்டுப்புடவை கட்டி, முதுகு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒன்று எடுத்தேன். இன்னொன்று என்றபோது அவளால் முடியவில்லை. "ஒண்ணு போதும். உங்க கை தப்பாது" என்று எழுந்துவிட்டாள்.

ஃபிலிமைக் கழுவித் தந்த லேப்காரர் நெகட்டிவைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, படம் எடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு ரோலைச் சுற்றி வைத்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். இரண்டு மாதம் என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். சுற்றியவுடன் ஃபிலிம் இழுத்துக் கட்டியதுபோல் தட்டையாக நிற்கும். நாள் கணக்கில் விட்டால் ஈரக்காற்றில் தளர்ந்து லென்ஸ் பக்கமாகப் புடைத்துக்கொள்ளும் என்றார். அரை மில்லிமீட்டர்கூட வேண்டாம், ஃபோகஸ் பின்னால் போய்விடும். லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எடுத்திருந்தாலாவது தப்பித்திருக்கலாம். அவள் முகம் ஆவி படிந்த கண்ணாடியில் பார்த்ததுபோல் இருந்தது. பின்சுவரில் தொங்கிய காலண்டரில் ராகுகாலம் வரைக்கும் படிக்க முடிந்தது.

பிரிண்டை அவளிடம் கொடுத்தபோது தலையில் துணி கட்டியிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"லேப்காரன் கெடுத்துட்டான்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. இன்னொன்று எடுக்கலாமே என்று கெஞ்சினேன்.

"இப்ப எடுத்தா அது நான்தான்னு யாருக்குத் தெரியும்?"

அதற்கப்புறம் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினாள். எதிர்வீட்டு அம்மாளிடம், "பாவி லேப்காரன் கெடுத்துட்டான் அக்கா. இவர் எடுத்ததுல ஒரு குறை வந்து நான் பார்த்ததில்ல" என்றாள். நான் டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். வெட்கமாக இருந்தது. அன்று ராத்திரி சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் நினைத்தேன். அவள் போகிறவரை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் படத்துக்குத்தான் இப்போது மாலை போட்டிருக்கிறேன். முகம் ஏன் இப்படி மங்கலாக இருக்கிறது என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். லேப்காரன் கெடுத்துவிட்டான் என்றே சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்காக அத்தனை பேரிடம் வாதாடியவளைப் பொய்க்காரி ஆக்கியதாகிவிடும்.