திறக்க மறுத்த ஃபைல்கள்

செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல் எடுத்துத் தருவதுதான் என் தொழில். "இதெல்லாம் இனிமே வராதும்மா" என்று யாராவது சொன்னால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை. உங்கள் பீரோவிலும் திறக்காத பிளாப்பி ஒன்றாவது கிடக்கும், ஆகவே நான் படும் பாடு உங்களுக்குப் புரியும்.

வைரஸ் இல்லை, தமிழ்

கனகம்மாசத்திரத்து விவசாயி ஒருவர் பிளாப்பியோடு வந்தார். நிலத்தைப் பிரிப்பதைப் பற்றி அவருடைய அப்பா டைப் அடிக்கவைத்த ஃபைல் அதில் இருந்தது. அப்பா இல்லை, அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் சண்டை. திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும். ஏற்கெனவே இரண்டு கடைகளில் வைரஸ் என்று கைவிரித்திருந்தார்கள்.

வைரஸ் இல்லை. ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு வைத்துக்கொண்டிருந்த காலத்து ஃபைல் அது. என்னிடம் இருந்த பழைய எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நான்காம் நாள் தமிழ் வந்தது: கிணறு மூவருக்கும் பொது. அவர் இரண்டு தடவை படித்தார்.

"கெணறு எனக்குத்தான்னு சொல்லிக்கினு திரிஞ்சவன் நான்தாங்க. பரவால்ல, மூணு பிரிண்ட் எடுங்க."

வராத மனு

முனியம்மா கே.ஜி.கண்டிகையில் வயல் வேலை செய்பவர். பல வருஷத்துக்கு முன்பு அவர் தெருக்காரர்கள் வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றது தாலுகா அலுவலகம். மனுவை டைப் அடித்த கடையும் மூடியாயிற்று. அந்தக் கடையின் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து, புடவையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் மெஷினில் மாட்டினேன். மனு இருந்தது. கூடவே ஒரு நினைவூட்டுக் கடிதம்; அதில், மனுவைக் கொடுத்தபோது அலுவலகம் தந்த ரசீதின் எண். அதற்குள், அவர்கள் பட்டா கேட்ட இடத்தை வளைத்துப் போட்டிருந்தவர் என்னைத் தேடி வந்துவிட்டார்: "டிஸ்க் பூடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க மேடம்." அவர் கண் முன்னாலேயே நான்கு பிரிண்ட் எடுத்தேன்.

மறுநாள் முனியம்மாவோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். பதிவேட்டைப் புரட்டினார்கள், அதே எண்ணில் மனு இருந்தது. இத்தனை வருஷம் கழித்து இது எங்கேம்மா கிடைத்தது என்று முனியம்மாவைக் கேட்டார் அதிகாரி.

"நீங்க தொலைச்சிட்டீங்க சார். நாங்க தேடிக்கினே இருந்தோம்."

அரைப் பக்கம்

இதில் நான் பாதி தோற்றேன். அரக்கோணத்துக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வெளியூரில் வேலை பார்த்தபோது மனைவி அவருக்கு டைப் அடித்த கடிதங்கள் ஒரு பிளாப்பியில். மனைவி போன வருஷம் காலமாகிவிட்டார். பிளாப்பியில் வெள்ளையாகப் பூஞ்சை. துடைத்துத் துடைத்துப் படித்ததில் ஒரே கடிதத்தின் அரைப் பக்கம்தான் வந்தது. கணவரைத் தெலுங்கில் 'பாவா' என்று கூப்பிட்டு எழுதியிருந்தார்: "பாவா, இந்தத் தீபாவளிக்கும் வரவில்லை என்றால் அப்புறம் நான் கதவைத் திறக்க மாட்டேன்..."

மீதி போய்விட்டது, மன்னிச்சிடுங்க சார் என்றேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆங், தீவாளிக்கு மறுநாள்தான் போனேன். ஒரு மணி நேரம் வெளியவே நிக்க வெச்சாங்க."

எல்லாம் போன்லயே பத்திரமா இருக்குது என்று இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் ஒருநாள் வருவார்கள். கடை இங்கேயேதான் இருக்கும்.