ஆலத்தியூருக்குக் கொண்டுபோன ரிசல்ட்

அரியலூரை மறுபடியும் பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்த்திருந்த வருடங்களில், பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் லேப் டெக்னீசியனாக இருந்தேன். ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு ஹெபடைடிஸ் சி-யும் பார்க்க வேண்டும் என்று விதி வந்து அதிக நாள் ஆகவில்லை.

ஆலத்தியூர்க்காரர் ஒருவர், சுண்ணாம்புக்கல் குவாரியில் பொக்லைன் ஓட்டுகிறவர், மனைவியின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க மச்சானோடு வந்தார். ஏற்கெனவே ஆறேழு தடவை கொடுத்தவர். ஊசி ஏறும்போது முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

எங்கள் பரிசோதனைக் கிட்டில் வைரஸ் கிடையாது. வைரஸ் புரதத்தின் சில துண்டுகளை மட்டும் செயற்கையாகச் செய்து தட்டின் சிறு குழிகளில் ஒட்டியிருப்பார்கள். பெப்டைடு என்று பெயர். வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்பொருள் ரத்தத்தில் இருந்தால் அந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் குழி மஞ்சளாகும். அவருடைய குழி லேசாக மஞ்சளானது. திரும்பப் போட்டேன். அதே லேசான மஞ்சள்.

வராந்தாவில் வைத்தே சொல்லிவிட்டேன். பக்கத்தில் மச்சான் நிற்பதை யோசிக்கவில்லை.

"உங்க ரத்தத்த எடுக்க முடியாதுங்க. ஒரு மஞ்சக்காமாலைக் கிருமி இருக்கலாம்னு காட்டுது. திருச்சிக்கு அனுப்பி இன்னொரு டெஸ்ட் பாக்கணும்."

"எம் பொண்டாட்டி புள்ளைங்களுக்கு ஒட்டியிருக்குமா மேடம்?"

"இன்னும் உறுதியாவலைங்க" என்றேன். அது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. மச்சான் ஓர் எட்டு தள்ளி நின்றார். பிறகு அந்த மச்சான்தான் ரத்தம் கொடுத்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

திருச்சியில் வேறு துண்டுகள் ஒட்டிய கிட்டில் பார்த்தார்கள். அவர் ரத்தத்தில் எதுவும் அந்தத் துண்டுகளைப் பிடிக்கவில்லை. "நம்ம கிட்டுல ஏதோ ஒரு துண்டு வேற எதையோ புடிச்சிருக்கும்மா. அப்பப்ப நடக்கறதுதான்" என்றார் எங்கள் டாக்டர். ரிசல்ட் வாங்க ஆலத்தியூர்க்காரர் வரவேயில்லை. ரிஜிஸ்டரில் விலாசம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தது மனைவி. "பின்னால கொட்டாயில இருக்காருங்க. நான் வாணாம்னுதான் சொன்னேன். தட்டு, டம்ளர், பாய் எல்லாத்தையும் அவரே எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு" என்றாள்.

அவரைக் கூப்பிட்டு, திருச்சி ரிசல்ட்டைக் கொடுத்து, நோய் இல்லை என்று சொன்னேன். காகிதத்தை இரண்டு தடவை படித்து மனைவியிடம் கொடுத்தார். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"அப்ப இனிமே நான் ரத்தம் குடுக்கலாமா?"

"இல்லைங்க. ஒரு தடவ அப்படிக் காட்டிட்டா நாங்க எடுக்கறதில்ல."

"நோவு இல்லேங்கறீங்க, ரத்தமும் வாணாங்கறீங்க. இது என்னங்க நாயம்?" கோபமாகவே கேட்டார். மச்சான் எதிரில் சொன்னது என் தப்பு என்று மட்டும் சொன்னேன்.

"அத எங்கிட்ட சொல்லி என்ன? அவன்கிட்ட வந்து சொல்லுங்க."

இரண்டு தெரு தள்ளி இருந்த மச்சான் வீட்டுக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் அவரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க" என்றார். பிறகு அவர் பக்கம் திரும்பி, "உள்ள வாயா, சாப்புட்டுப் போ" என்றார்.