துரை வீட்டு நாய்க்கு அத்தை போட்ட சாப்பாடு

தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதுகிறவர் வீட்டில் மாமிசம் சமைப்பதில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் அப்பா பகலெல்லாம் ஆட்டுத்தோலை எண்ணிவிட்டு வந்து, கிணற்றடியில் நின்று தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதி பூசி, கத்தரிக்காய்ச் சாம்பாரைப் பிசைந்து சாப்பிடுவார். ஆம்பூரில் எங்களைப்போல் பல குடும்பங்கள் இருந்தன. இதில் வேடிக்கை ஏதாவது இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை. இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் வெள்ளைக்காரத் துரையின் நாய் வந்து சேர்ந்தது.

துரை, மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்காகத் தோல் பார்த்து வாங்குகிறவர். ஊருக்கு வெளியே பங்களாவில் இருந்தார். ஊட்டியில் இருந்த அவர் மனைவிக்குப் பிரசவ சமயம். போயே ஆகவேண்டும், ஆனால் நாயை எங்கே விடுவது? ஷாப்பில் விட அவருக்குப் பயம். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலிலிருந்து சீவிப் போடும் ஜவ்வைத் தின்றுதான் அவருடைய முந்தின நாய் செத்துப்போயிருந்தது. ஷாப்பின் முதலாளியான சாயபு வீட்டிலோ நாயை வாசல்படி ஏற விடமாட்டார்கள். ஆகவே சாயபு அப்பாவைக் கூப்பிட்டார்.

“கணக்குப்பிள்ளை, ஒரு மாசம் நீங்க வெச்சிக்குங்க. துரைக்கு இது பெத்த புள்ள மாதிரி. இதுக்கு ஒண்ணு ஆச்சின்னா அந்த ஆளு நம்ம தோலைத் தொடமாட்டான். அப்பறம் உங்களுக்கும் பேஜார், எனக்கும் பேஜார்.”

அப்பா அந்த நாயைச் சங்கிலியோடு பிடித்துக்கொண்டு வந்தபோது, தன் உத்தியோகத்தையே சங்கிலியில் கட்டி இழுத்து வருகிறவர்போல் இருந்தார். வெள்ளை உடம்பு, தொங்கும் பழுப்புக் காதுகள். துரை வைத்த பெயர் ரோஜர். ஒன்பது வயதுப் பெண்ணான எனக்கு நிரம்பத் தைரியம் உண்டு. அன்று மாலைக்குள் அவனை ராஜா ஆக்கிவிட்டேன்.

ராஜாவுக்கு என்ன போடுவது என்பதில்தான் தகராறு. எலும்பு, கறி என்ற பேச்சையே அம்மா எடுக்கவிடவில்லை. அப்போது சித்தப்பா நடுவில் புகுந்தார். சித்தப்பாவுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. வேலை ஒன்றுதான் கிடைக்கவில்லை.

“நாய்க்கு இன்னா வேணும் அண்ணி? கறி வாசனை வேணும். நம்ம வூட்ல அதுக்குக் கிட்டத்துல வர்றது வெங்காயம்தான். நெய்யில நல்லா செவக்க வதக்கி சோத்துல போடுங்க. வித்தியாசமே தெரியாம துன்னுடும்.”

அம்மாவுக்கு இந்த நியாயம் மிகவும் பிடித்துப்போயிற்று. சைவ வீட்டில் வெங்காயத்துக்கு இருந்த மதிப்பு அப்படி. விருந்தாளி வந்தால்கூட அவ்வளவு வெங்காயம் வதக்கியிருக்கமாட்டாள். வாசனை தெருக்கோடி வரை போயிற்று. பின்கட்டில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை எழுந்து வந்து சமையலறை வாசலில் சற்று நேரம் நின்றாள்.

“நல்ல வாசனைடி,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணமான மறுவருஷமே கணவனைப் பறிகொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருந்தவள். பின்கட்டில் அவளுக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி. வெங்காயம் பூண்டு சேர்க்கமாட்டாள். காரம் கிடையாது. காயை வெறுமனே வேகவைத்து, இலையில் போட்டபிறகு ஒரு கல் உப்பை நசுக்கித் தூவிக்கொள்வாள். ராத்திரியில் சோறு கிடையாது. எனக்குப் பாகற்காய் பிடிக்காததுபோல அத்தைக்கு வெங்காயம் பிடிக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராஜா வெங்காயச் சோற்றை ஆசை ஆசையாகத் தின்றான். சித்தப்பா மார்தட்டிக்கொண்டார். ஒரு வாரம் போவதற்குள் நாய் ஓய்ந்துவிட்டது. கூப்பிட்டால் காதை மட்டும் அசைக்கும். ஈறு வெளுத்துப்போய், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. தெம்பு போதவில்லை என்று முடிவுகட்டிய சித்தப்பா இன்னும் கொஞ்சம் வெங்காயத்தை ஜாஸ்தியாகப் போடச் சொன்னார். போட்டார்கள். நாய் எழுந்திருப்பதையே விட்டுவிட்டது. பிறகு சோற்றையும் தொடவில்லை. அப்பா ஷாப்புக்குப் புறப்படும்போது அதன் விலா ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அப்படி இருக்கையில் ஒரு மத்தியானம், அத்தை பின்கட்டில் வழக்கம்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ராஜா தள்ளாடி எழுந்து போய், அவள் இலையில் இருந்த வெந்த பறங்கிக்காயில் வாய் வைத்துவிட்டான்.

“ஐயையோ, இலையைத் தொட்டுடுச்சே!” என்று அம்மா ஓடினாள்.

“தொட்டா தொட்டுட்டுப் போவுது. வாயே தொறக்காத ஜீவன் இப்பதான் தின்னுது. சும்மா இரு நீ,” என்று அத்தை இலையையே அதன் பக்கம் நகர்த்திவிட்டாள்.

அது தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தவள், எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

“உங்க சட்டியில இருக்கறது, என் சட்டியில இல்லாதது வெங்காயம்தான். அதான் இதுக்கு ஆவல. இனிமே இதுக்கு என் சட்டி. யாரும் குறுக்க வராதீங்க.” பிறகு அப்பாவைப் பார்த்து, “தம்பி, நீ போயி வேலையப் பாரு. இது பொழைக்கும்,” என்றாள்.

அத்தை இவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து பின்கட்டில் அவள் ராஜ்யம். பறங்கிக்காயில் தோலும் விதையும் நீக்கி, குழைய வேகவைத்து, உப்பில்லாமல் பால் சோற்றில் பிசைந்து போட்டாள். புதுக் காய் எதுவானாலும் முதல் நாள் ஒரு துண்டுதான். மறுநாள் காலையில் கொல்லையில் அது போவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த துண்டு. பீன்ஸை நார் உரித்து நகத்தளவு நறுக்குவாள். சித்தப்பா ஒரு சோளக்கதிரைக் கொண்டுவந்து முழுசாக நீட்டியபோது, “தொண்டையில சிக்கினா நீயா எடுப்ப?” என்று கதிரைப் பிடுங்கிக்கொண்டாள். சித்தப்பா அதன்பின் அபிப்பிராயம் சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

நாய் தேறத் தேற அப்பாவுக்கும் உற்சாகம் பிறந்தது. பெங்களூர் ரயிலில் வரும் கேரட்டை ராஜாவுக்கென்று வாங்கிவந்தார். அத்தை அதைச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுப்பாள். நான் “உட்கார்” என்பேன். ராஜா உட்கார்ந்தால் ஒரு துண்டு. வெள்ளரிப் பிஞ்சுக்காக இரண்டு கால்களில்கூட நிற்பான். ராஜாவின் கேரட்டில் ஒரு துண்டை அத்தையும் வாயில் போட்டுப் பார்த்தாள். அதுவரை அவள் கேரட் தின்றதே இல்லையாம். “தித்திப்பா இருக்குதுடி,” என்று சிரித்தாள். இப்போதெல்லாம் அவள் சுவரைப் பார்த்துச் சாப்பிடவில்லை. நாயைப் பார்த்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே சாப்பிட்டாள்.

துரை சொன்னபடி திரும்பி வந்தார், சாயபுவும் கூடவே. ராஜா சங்கிலியை இழுத்துக்கொண்டு பாய்ந்து துரையின் சட்டையை நாசமாக்கினான். பளபளவென்று மின்னிய அதன் முதுகைத் தடவித் தடவிப் பார்த்த துரை, அப்பாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று சாயபு எங்களுக்குச் சொன்னார்: “இவ்ளோ நல்லா ஆயிருக்குதே, இன்னா போட்டீங்கன்னு கேக்கறாரு.”

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போய் நின்றேன். எங்கள் அத்தையின் பெருமையை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

“எங்க அத்தை இன்னா சாப்புடுதோ அதேதான் நாய்க்கும். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டி. வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, காரம் கிடையாது. கேரட்டுகூட நாய்க்கு வாங்கனதுலதான் அத்தை துன்னுச்சி!”

சாயபு தலையைக் குனிந்துகொண்டார். துரை, ‘என்ன சொல்கிறாள்?’ என்பதுபோல் அப்பாவைப் பார்த்தார். அப்பா இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொன்னார். நான் சொன்னது அவ்வளவு நீளம். இது எப்படி இரண்டு வார்த்தையில் அடங்கியது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. துரை என் கன்னத்தைத் தட்டிவிட்டு நாயோடு போய்விட்டார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று வாய்விட்டே அழுதாள். நானும் அழுதேன்.

அன்று அப்பா சாப்பிட உட்கார்ந்ததும், வெங்காயச் சாம்பாரை அம்மா இலையில் ஊற்றப் போனாள். அவர் கையால் மறித்துவிட்டார். “அக்கா சட்டியில இருக்கறதைப் போடு,” என்றார். அன்றைக்கு மட்டுமல்ல, அப்பா சாகும்வரை வெங்காயத்தைத் தொடவில்லை.

நாய் பட்ட பாட்டைப் பார்த்ததில் எங்கள் அப்பாவுக்கும் வெங்காயம் என்றால் பயம் வந்துவிட்டது என்று, அப்போது பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.