டார்ச் வெளிச்சத்தில் சித்தி கல்யாணம்

எங்கள் வீட்டு எல்சிடி டிவி ஓர் ஆவணி மாதத்தில் திடீரென்று ரேடியோவாக மாறிவிட்டது. சத்தம் கணீரென்று வந்தது, படம்தான் இல்லை. எங்கள் தீவு ஊரான ஹட் பேயில் உப்புக்காற்றுக்குத் தப்பிய சாமான் எதுவும் கிடையாது என்பதால் வீட்டில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அப்போது நான் நான்காம் வகுப்பு.

மூன்றாம் நாள் ஒரு பென்டிரைவ் வந்து சேர்ந்த பிறகுதான் அம்மாவுக்கு டிவியின் அருமை தெரிந்தது. அதில் இருந்தது சித்தியின் கல்யாணம். அம்மாவுக்கு ஒரே தங்கை. சிவகங்கைப் பக்கம் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு எங்களால் போக முடியவில்லை. கப்பல் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்டது. முகூர்த்த நேரத்தில் அம்மா தலைக்குக் குளித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இங்கே சும்மா உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போய்த் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரரிடம் சித்தி வீடியோவைக் கொடுத்தனுப்பியிருந்தாள். போட்டால் நாதஸ்வரம் கேட்கிறது, கெட்டிமேளம் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது.

அப்பா குடிநீர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கருவி ஒன்று சொந்தமாக இருந்ததால், தான் பாதி இன்ஜினியர் என்று அவருக்கு ஒரு நினைப்பு. மீதிப் பாதி, பெரிய தீவில் புரோத்ராபூரில் டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்த அவர் தம்பி, என் சித்தப்பா. போனில் அவர் சொன்னபடி, ஜன்னல்களைச் சாத்திவிட்டு டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தார் அப்பா. உள்ளங்கை அகலத்தில், சாம்பல் நிறத்தில், ஒரு மாலை தெரிந்தது. படம் இருக்கிறது, அதற்குப் பின்னால் எரிய வேண்டிய விளக்குதான் எரியவில்லை என்றார் சித்தப்பா. அதற்குள் அம்மா டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து சமையல் முடிந்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தங்கை கல்யாணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பது அவளுக்கு வேலையாகிவிட்டது. முகம் எதுவும் தெளிவாகத் தெரியாது. இடுப்பில் கைவைத்து நின்றால் அத்தை, வளைந்து நடந்தால் மாமா என்று அவளாகவே கண்டுபிடிப்பாள். மணமேடையில் சித்திக்குப் பின்னால் தோளில் துண்டோடு ஓர் உயரமான உருவம் நின்றது. "உங்க தாத்தா. பாரு, ஓடி ஓடியே எளைச்சுப் போயிட்டார்" என்பாள். தாத்தாவோடு போனில் பேசத்தான் அவளுக்கு வாய்க்கவில்லை. எப்போது கூப்பிட்டாலும் மாமாதான் எடுப்பார். தாத்தா பந்தல்காரரைப் பார்க்கப் போயிருப்பார், இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டுக்குப் போயிருப்பார். மகளோடு பேச நேரமில்லாத பெரிய மனுஷன் ஆகிவிட்டார் என்று அம்மா செல்லமாகக் கோபித்துக்கொள்வாள்.

அப்பா பிளக்கைப் பிடுங்கி அரைமணி நேரம் காத்திருந்து, டிவியைப் பாயில் குப்புறப் போட்டுப் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே பல்லி முட்டை ஓடுகளும், தலை உப்பிப்போன இரண்டு கெப்பாசிட்டர்களும் இருந்தன. அதே அளவில் இரண்டு அனுப்பச் சொல்லிச் சித்தப்பாவுக்குப் போன் போட்டார். "அடுத்த ஜஹாஜ்ல வந்துரும். அஞ்சு நிமிஷ வேலை" என்று அடுத்த கப்பலை நம்பி அம்மாவிடம் பெருமையடித்தார்.

நான்கு நாளில் அந்த உற்சாகம் காணாமல் போனது. கப்பல் வந்தது, சாமான் வரவில்லை என்றார். பிறகு கடல் கெட்டு, கப்பலும் நின்றது. டிவியின் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டு, வேலை முடிந்ததும் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிப் பக்கம் போய்ச் சுற்றிவிட்டு வருவார். அவர் இன்ஜினியரே இல்லை, சும்மா அளக்கிறார் என்று நான் முடிவுக்கு வந்திருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் சித்தப்பாவின் அழைப்பை நான் எடுத்தேன். டிவி ஓடுகிறதா என்று கேட்டார். சாமான் வரவில்லையே என்றேன். போன கப்பலிலேயே வந்து, கையில் வாங்கிவிட்டதாக அப்பாவே தனக்குப் போன் செய்தாரே என்றார். திருடனைப் பிடித்துவிட்ட குஷியில் ஓடிப்போய் அம்மாவிடம் ஒப்பித்தேன்.

அம்மா அதைச் சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தாள். அப்பா வந்ததும் பையைத் துழாவிப் பொட்டலத்தை எடுத்து முன்னால் வைத்தாள். அப்பா பாயை விரித்து உட்கார்ந்து, ஐந்து நிமிஷ வேலையை ஒன்றரை மணி நேரம் செய்தார். அம்மா தலைவாரிக்கொண்டு வந்து டிவிக்கு எதிரே அமர்ந்தாள்.

திரை பளீரென்று எரிந்தது. சித்தியின் புடவை அரக்கு நிறம் என்று அன்றுதான் தெரிந்தது. அம்மா சிரித்துக்கொண்டே பார்த்தாள். மணமேடையில் துண்டு போட்டு நின்ற மனிதர் கேமரா பக்கம் திரும்பினார். அவர் பெரிய தாத்தா; தாத்தாவின் அண்ணன். அம்மா ரிமோட்டை அழுத்திப் பின்னால் போய் மறுபடி பார்த்தாள். பந்தியில், வாசலில், கூட்டத்தில் எல்லாம் தேடினாள்.

"எங்கப்பா எங்க?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னாடி அவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துருச்சு. உசுரு இருக்கு, படுக்கைல இருக்கார். ஜஹாஜ் ஓட ஆரம்பிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் அப்பா.

அப்பா சாமானுக்குச் சொல்லிவிட்ட பிறகுதான் மாமா பம்ப் ஹவுஸுக்குப் போன் செய்து அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். எங்கள் தீவுகளில் கெட்ட செய்தியை டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் சொல்வார்கள். முன்பே தெரிந்து என்ன செய்வது, கடல் மேல் நடந்தா போக முடியும்? அப்பா தினமும் ஜெட்டிக்குப் போனது கப்பல் அறிவிப்பைப் பார்க்கத்தான். அதன் பிறகு கப்பல் கிளம்ப ஒன்பது நாளாயிற்று. கட்டிய பையை வாசலருகில் வைத்துக்கொண்டு அம்மா அந்த ஒன்பது நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது தாத்தா இருந்தார், அவளை அடையாளமும் கண்டுகொண்டார். ஆனாலும் அந்த ஒன்பது நாளை அம்மாவின் தலையில் கட்டியது நான்தான்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எட்டவில்லை. அம்மா பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ரிமோட்டை என் கையில் கொடுத்து, "நீ ஏதாவது பாரு" என்று சொல்லி அடுப்படிக்குப் போனாள். அப்பாவும் பின்னாலேயே போனார். நான் கார்ட்டூன் வைத்தேன். சற்று நேரத்தில் அடுப்படியிலிருந்து வந்த அழுகைச் சத்தத்தில் வசனம் சரியாகக் கேட்கவில்லை. வால்யூமை நாலு புள்ளி கூட்டி வைத்துக்கொண்டேன்.